முதலில் புழுவுக்குச் சோறு

எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரை ஒட்டிப் பட்டாம்பூச்சிகள் பறப்பதைப் பார்த்துவிட்டு, எந்த நர்சரியில் செடி வாங்கினீர்கள் என்று கேட்கிறவர்கள் உண்டு. என்ன பூச்செடி வைத்தால் இப்படி வரும் என்பது அடுத்த கேள்வி. இங்கே இருப்பவற்றில் பெரும்பாலானவை நர்சரியில் கிடைக்காதவை, பக்கத்துக் காலி மனையிலிருந்து வந்தவை என்று சொன்னதும் முகம் சற்று வாடும். காசு கொடுத்து வாங்க ஒன்றுமே இல்லையா என்ற ஏமாற்றம்.

கிருஷ்ணகிரியில் நாங்கள் இருப்பது ஊர் விளிம்பில், மாந்தோப்பை அழித்து மனை பிரித்து விற்ற பகுதி. பாதி மனைகளில் வீடு எழும்பிவிட்டது. மீதி மனைகளை முதலீடாக வாங்கிப் போட்டவர்கள் பெங்களூருவிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறார்கள். அவர்கள் காத்திருக்கும் காலத்தில் அந்த மண்ணில் எருக்கு, ஆவாரை, ஆமணக்கு, தும்பை, துத்தி, கொழுஞ்சி, வெட்டுக்காயப் பூண்டு, கம்பிவேலியில் படர்ந்த சிறுபூனைக்காலி என்று ஒரு கூட்டமே வளர்ந்துவிட்டது. பட்டாம்பூச்சிக்கு வேண்டியதில் முக்கால்வாசி அங்கேயே இருக்கிறது. யாரும் நடவில்லை, யாரும் நீர் ஊற்றவில்லை. எங்கள் ஊர் போன்ற சிறிய நகரங்களில் வாழிடத்தைப் புதிதாக உருவாக்கவேண்டிய அவசியம் அவ்வளவாக இல்லை என்பது என் கருத்து. காலி மனை வீடாக மாறும்போது அங்கிருந்து துரத்தப்படும் செடிகளுக்கு நம் வீட்டில் இரண்டு முழம் இடம் கொடுத்தால் போதும்.

பூச்செடி கேட்கிறவர்களிடம் நான் சொல்லும் காரணம் இது. பூ மட்டும் இருக்கும் தோட்டம் பட்டாம்பூச்சிக்கு டீக்கடை, குடித்துவிட்டுக் கிளம்பிவிடும். அது தங்கவும் பெருகவும் வேண்டுமானால் முட்டையிட இலை வேண்டும். எந்த இலையானாலும் சரி என்று அது இருப்பதில்லை. ஒவ்வோர் இனத்துக்கும் இன்ன செடி, மிஞ்சிப்போனால் இன்ன குடும்பத்துச் செடி என்று கட்டுப்பாடு. தாய்ப்பூச்சி இலைமேல் இறங்கி முன்னங்கால்களால் படபடவென்று தட்டுவதைக் கவனித்துப் பாருங்கள். காலிலேயே சுவை அறியும் உறுப்புகள் இருக்கின்றன. தவறான இலை என்றால் உடனே எழுந்துவிடும். சரியான இலை என்றால் வயிற்றை வளைத்து ஒரு முட்டையை ஒட்டிவிட்டு அடுத்த கொழுந்துக்குப் போகும். இதைப் பார்த்த பிறகு எனக்குப் பூக்கடைமேல் இருந்த மோகம் குறைந்துவிட்டது.

ஆகவே இந்தத் தோட்டத்தில் இலைகள் ஓட்டை ஓட்டையாக இருக்கும். சில செடிகள் வாரக்கணக்கில் வெறும் குச்சியாக நிற்கும். பார்க்க அழகாக இருக்காது. வீட்டில் உள்ளவர்களையும் தெருவில் உள்ளவர்களையும் இதற்குச் சம்மதிக்க வைப்பதுதான் பெரிய வேலை; செடி வளர்ப்பது அதற்குப் பக்கத்தில்கூட வராது.

வீட்டுக்குள் முதல் பேச்சுவார்த்தை கறிவேப்பிலையை வைத்து நடந்தது. எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி இரண்டும் எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை என்று ஒரே குடும்பத்துச் செடிகளில் முட்டையிடுகின்றன. முட்டை வெளிர் மஞ்சளாக, குண்டூசித் தலை அளவில், கொழுந்திலையில் ஒற்றையாக ஒட்டியிருக்கும். பொரித்து வரும் புழு பார்க்கப் பறவை எச்சம்; கருப்பும் வெள்ளையுமாக, ஈரப் பளபளப்போடு, இலையின் நடுவில் அசையாமல் கிடக்கும். எச்சம் என்று நினைத்துப் பறவையும் விட்டுவிடும், நாமும் விட்டுவிடுவோம். தோலுரித்துத் தோலுரித்துக் கடைசிக் கட்டத்தில் அது பச்சைக்கு மாறுகிறது. அந்த நிலையில் விரலால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டாகக் கிளைத்த சிவந்த உறுப்பு ஒன்று சட்டென்று நீண்டு, ஒரு புளித்த நெடி கிளம்பும். கடிக்காது, கொட்டாது. அந்த நெடியைத் தவிர அதனிடம் வேறு ஆயுதம் இல்லை.

இதையெல்லாம் நான் ரசித்துக்கொண்டிருந்தேனே தவிர, குழம்புக்குத் தாளிக்கக் கொத்தை உருவியது என் மாமியார். புழு கையில் ஏறியதும் அத்தை போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் வந்துவிட்டார்கள். வேப்பெண்ணெய் அடிக்கவேண்டும் என்றார் அத்தை. கூடாது என்றேன் நான். கடைசியில் உடன்பாடு ஒன்று ஏற்பட்டது: சமையலுக்கு ஒரு செடி, புழுவுக்கு ஒரு செடி, இரண்டுக்கும் நடுவில் ஒரு வீட்டு அகலம் தூரம். சமையல் செடியில் முட்டையோ புழுவோ தென்பட்டால் அந்த இலையைக் காம்போடு கிள்ளி மற்றச் செடியின் கிளையில் செருகிவிடுவது. வாடத் தொடங்கிய இலையிலிருந்து புழு தானாகப் புது இலைக்கு ஏறிக்கொள்ளும். இப்போது முட்டையை முதலில் கண்டுபிடிப்பது அத்தைதான். எனக்குக் கண்ணாடி போட்டாலும் தெரிவதில்லை.

கறிவேப்பிலையிலேயே தொடங்குங்கள் என்று நான் எல்லாருக்கும் சொல்வதற்குக் காரணம், முட்டை முதல் சிறகு வரை ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும் என்பதுதான். பொறுமை இல்லாதவர்களுக்கும் பலன் தெரியும். ஒரு நுணுக்கம் உண்டு. முழங்கால் உயரச் செடியில் நான்கைந்து புழு ஏறினால் மொட்டையாகிவிடும். செடி பிழைத்துக்கொள்ளும், புழு பிழைக்காது. கறிவேப்பிலை வேரிலிருந்து பக்கக்கன்றுகள் தானாக வரும். அவற்றைப் பிரித்துத் தொட்டிகளில் வளர்த்துக் கையிருப்பாக வைத்திருங்கள். மொட்டையான செடிக்குக் கொஞ்சம் மக்கிய எருவும் நீரும் போதும், கவாத்து செய்தது போலத் துளிர்த்துவிடும்.

எருக்கு விஷயம் இவ்வளவு சுலபமாக முடியவில்லை. வெந்தய வரியன் என்ற ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி, ஊரில் எங்கும் சர்வசாதாரணமாகத் தெரிவது, எருக்கைத்தான் முக்கியமாக நம்பி இருக்கிறது. ஆனால் எருக்கு முளைத்த வீடு பாழ் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போனது. வசவிலேயே எருக்கு இருக்கிறது. சுற்றுச்சுவருக்குள் எருக்கா என்று உறவினர் ஒருவர் என் வீட்டுக்காரரைத் தனியாக அழைத்துக் கேட்டார். இதற்கு வழி பிள்ளையார் காட்டினார். வெள்ளெருக்கை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அதன் வேரில் பிள்ளையார் செய்து வைக்கிறோம், சதுர்த்திக்கு அதன் பூவை மாலை கட்டுகிறோம். பட்டாம்பூச்சிக்கு நீல எருக்கும் வெள்ளெருக்கும் ஒன்றுதான். வாசலுக்கு வடகிழக்கில் வெள்ளெருக்கு வைத்த நாளிலிருந்து அதே உறவினர் வரும்போதெல்லாம் செடியைக் கும்பிட்டுவிட்டுப் போகிறார். இலைக்கு அடியில் புழு தின்றுகொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அந்தப் புழுவைக் குழந்தைகளுக்குக் காட்டவேண்டும். கருப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகள். முதுகில் மூன்று ஜோடிக் கரிய கொம்புகள். எருக்கம்பால் தின்கிற வாயை ஒட்டவைத்துவிடும் என்பதால் இலையின் நரம்பை முதலில் கடித்துப் பால் வடிவதைத் தணித்துவிட்டுத்தான் தின்னத் தொடங்கும். எருக்கில் இருக்கும் நஞ்சு புழுவின் உடலிலும் பிறகு பட்டாம்பூச்சியின் உடலிலும் தங்கிவிடுகிறது. ஒருமுறை கொத்திக் குமட்டிய பறவை அந்த ஆரஞ்சு நிறத்தை மறக்காது. இதனால்தான் வெந்தய வரியன் அவ்வளவு மெதுவாக, யாரையும் சட்டை செய்யாமல் பறக்கிறது. பருப்புக்கீரையில் வளரும் இன்னொரு பட்டாம்பூச்சியின் பெண், நஞ்சு எதுவும் இல்லாமலே இதே ஆரஞ்சு வேடத்தைப் போட்டுக்கொண்டு தப்பிக்கிறது. எனவே தொட்டி ஓரத்தில் தானாக முளைக்கும் பருப்புக்கீரையைக் கொஞ்சம் விட்டுவையுங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குழந்தைகளை இலை பறிக்க விடாதீர்கள். கிளை வெட்டினால் நீங்களும் கையை நன்றாகக் கழுவிவிட்டு முகத்தைத் தொடுங்கள்.

இந்த ஊரில் மாமரத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. நான் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். மே மாதம் தொடங்கினால் லாரி லாரியாகப் பெங்களூரா காய் வந்து இறங்கும். வெளியூரில் தோத்தாபுரி என்பார்கள். கழித்துப் போட்ட பழங்கள் குவிந்து கிடக்கும் மூலையில் ஈ மொய்ப்பதைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். அந்தக் குவியலின் நிழல் பக்கத்தில், மரப்பட்டை நிறத்தில், சிறகை விரித்து வைத்துக்கொண்டு பழச்சாற்றை உறிஞ்சும் பட்டாம்பூச்சிகளை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். காமன் பாரன் என்ற இனம் அது. பூவை அது பெரிதாகச் சட்டை செய்வதில்லை. அழுகிய பழமும் மரத்தில் வடியும் சாறும்தான் விருப்பம். முட்டையிடுவதும் மா இலையில். அதன் புழுவைக் கண்டுபிடிக்கிறவருக்குப் பரிசே கொடுக்கலாம். பச்சை உடல், முதுகில் நீளமாக ஒரு வெளிர் கோடு, இருபுறமும் இறகுபோல் பிரிந்து இலையோடு படிந்த முட்கள். அந்தக் கோட்டை மாவிலையின் நடுநரம்பின்மேல் பொருத்திப் படுத்துக்கொண்டால் இலை எது, புழு எது என்று சொல்ல முடியாது.

மாந்தோப்பு நிறைந்த மாவட்டத்தில் இதற்கு என்ன குறை என்று தோன்றும். தோப்புகளில் பூ விடும் பருவத்தில் தத்துப்பூச்சிக்கு மருந்தடிக்கிறார்கள். அவர்கள் பிழைப்பு அது, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மருந்து, தத்துப்பூச்சி எது பாரன் புழு எது என்று பார்ப்பதில்லை. ஊருக்குள் வீட்டுப் புழக்கடையில் நிற்கிற ஒற்றை மாமரத்துக்கு யாரும் மருந்தடிப்பதில்லை. இந்த வகையில் பெரிய தோப்பைவிடப் பழையபேட்டைப் பக்கத்து வீடுகளின் பின்கட்டு மரங்கள் பத்திரமான இடம் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டில் அப்படி ஒரு மரம் இருந்தால் வேறு எதுவும் செய்யவேண்டாம், கொழுந்தை விட்டுவையுங்கள். பழக் காலத்தில் விழுந்து நசுங்கிய பழம் இரண்டை ஒரு தட்டில் வைத்து நிழலில் வையுங்கள். எறும்பு வராமலிருக்க அந்தத் தட்டை நீர் ஊற்றிய இன்னொரு பெரிய தட்டின் நடுவில் வைத்தால் போதும். பொழுது சாயும் நேரத்தில் காய்ந்த இலை நிறத்தில் ஒன்று வந்து உட்காரும். அது அந்திக் கருக்கலில் பறக்கிற இனம், அதன் புழு புல்லையும் நெற்பயிரையும் தின்னும். பழத்தட்டைத் தினமும் மாற்றவேண்டும். மாற்றாவிட்டால் வீட்டில் உள்ளவர்கள் தட்டை மட்டுமல்லாமல் உங்களையும் வெளியே வைத்துவிடுவார்கள்.

மருந்து என்றதும் இன்னொன்று. நர்சரியில் வாங்கும் செண்டுமல்லி, ரோஜா, எலுமிச்சைக் கன்று எல்லாம் பெரும்பாலும் பூச்சிமருந்து கண்டவைதான். சில மருந்துகள் வேர் வழியாக உறிஞ்சப்பட்டு இலை, பூ என்று செடி முழுவதும் பரவி நிற்கும். அப்படிப்பட்ட கன்றில் முட்டையிட்டால் பொரித்த புழு இரண்டு வாய் தின்றுவிட்டுச் சுருண்டு விழும். வாங்கித்தான் தீரவேண்டும் என்றால் தனியே வைத்து, பழைய இலைகளைக் கிள்ளிவிட்டு, புதுத் துளிர் நன்றாகத் தழைத்த பிறகு மற்றச் செடிகளோடு சேருங்கள். இயற்கை மருந்து என்று சொல்லி வேப்பெண்ணெய் அடிப்பதிலும் புழு சாகத்தான் செய்யும். மாவுப்பூச்சிக்கு விரலால் துடைப்பதும் வேகமாக நீர் பீய்ச்சுவதும்தான் எங்கள் வீட்டு வைத்தியம். கொசுவுக்குப் புகை அடிக்க வருகிறவர்களை நாம் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. டெங்கு விளையாட்டுக் காரியம் இல்லை. அந்த வண்டிச் சத்தம் கேட்டால் தொட்டியில் இருக்கிற செடிகளை உள்ளே நகர்த்திப் போர்வை போட்டு மூடுகிறேன். அவ்வளவுதான் முடிகிறது.

வீட்டுக்கு வெளியே நடந்ததுதான் சுவையான கதை. எங்கள் மனைப்பிரிவில் பொது உபயோகத்துக்கென்று ஒதுக்கிய துண்டு நிலம் ஒன்று உண்டு. குடியிருப்போர் சேர்ந்து அதன் ஒரு மூலையில் செடி வைக்க ஒப்புக்கொண்டார்கள். ஆடுதின்னாப்பாளையைக் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு வயல் வரப்பிலிருந்து கொண்டுவந்து வைத்தோம். கருஞ்சிறகும் சிவந்த உடலும் கொண்ட சிவப்புடல் அழகியும் ரோஜா அழகியும் இந்தக் குடும்பத்துக் கொடிகளையே நம்பி இருக்கின்றன. கூடவே தகரை, ஆமணக்கு, ஓரிதழ் தாமரை. "பட்டாம்பூச்சித் தோட்டம்" என்று பலகையும் நட்டோம். பலகையைப் படித்தவர்கள் எல்லாரும் பட்டாம்பூச்சி எங்கே, ஒரே களையாக இருக்கிறதே என்று கேட்டார்கள். யாரோ நல்ல எண்ணத்தில் கூலி கொடுத்து மொத்தத்தையும் செதுக்கிச் சுத்தமாக்கிவிட்டார்கள். மழைக்கு மறுபடி துளிர்த்தது. மறுபடி செதுக்கினார்கள். பிறகு பலகையை மாற்றினோம்: "மூலிகைத் தோட்டம்". அதன் பிறகு யாரும் செதுக்க வரவில்லை. எல்லாமே ஏதோ ஒரு வைத்தியத்துக்கு உதவுகிற செடிகள் என்பதால் பலகையில் பொய்யும் இல்லை.

ஒரு தொல்லை மட்டும் வந்து சேர்ந்தது. மூலிகை என்றதும் மருந்துக்குப் பறிக்க ஆள் வந்தார்கள். ஆடுதின்னாப்பாளையைப் பறித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் அந்தக் குடும்பத்துச் செடிகளில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அமிலம் இருக்கிறது என்று சொல்லி நிறுத்தினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. "பறிக்காதீர்கள், உட்கொண்டால் ஆபத்து" என்ற வரியைப் பலகையில் சேர்த்தோம். நீங்கள் பொது இடத்தில் வைப்பதானால் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

அந்த நிலத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அக்கா. சின்ன வயதில் பர்கூர் பக்கம் ஆடு மேய்த்தவர். எந்தச் செடியில் எந்தப் புழு என்று கேட்டால் பெயர் தெரியாது, இடம் காட்டுவார். ஒருநாள் காய்ந்துபோன கிலுகிலுப்பைச் செடியை நான் பிடுங்கப் போனபோது, "அதை விட்டுவிடு கண்ணு, காய்ந்தால்தான் அதற்கு மவுசு" என்றார். புரட்டாசி மழை தொடங்கியதும் அவர் சொன்னது விளங்கியது. நீல வரியனும் வெண்புள்ளிக் கருப்பனும் அந்தக் காய்ந்த தண்டில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின. பூவே இல்லாத குச்சியில் உறிஞ்சு குழலை நீட்டிச் சுரண்டிக்கொண்டிருந்தன. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தும் பறக்கவில்லை. கிலுகிலுப்பையில் ஆல்கலாய்டு என்ற ஒருவகை வேதிப்பொருள் இருக்கிறது. பெண்ணை ஈர்க்கும் மணத்தைத் தயாரிக்க ஆண்பூச்சிகளுக்கு அது வேண்டும். தேள்கொடுக்குச் செடியும் இதே வேலையைச் செய்யும். இந்த இனங்கள் தென்மேற்குப் பருவமழைக்கு முன் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தையொட்டி மறுபடி மேற்கு நோக்கியும் கூட்டம் கூட்டமாக இடம்பெயர்கின்றன. இடையில் இருக்கிற நம் ஊர்களில் கிலுகிலுப்பை நான்கு இருந்தால் இறங்கிவிட்டுப் போகும். விதை சேகரிப்பதும் எளிது. காய் குலுங்கினால் விதை தயார்.

வெயில், காற்று, ஈரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டாம்பூச்சி வெயிலில் காய்ந்து உடல் சூடேறினால்தான் பறக்கும். காலை வெயில் விழுகிற கிழக்குப் பக்கம்தான் நல்லது. எங்கள் பகுதியில் வேலிக்குக் கற்பலகை நடுவது வழக்கம். அந்தக் கல் சீக்கிரம் சூடேறுவதால் காலையில் சிறகை விரித்து அதன்மேல் ஒட்டிக் கிடக்கும். ஆடிக்காற்று இந்த மேட்டுநிலத்தில் சும்மா விடாது, தெற்கும் மேற்கும் ஆமணக்கோ செம்பருத்தியோ வரிசையாக நின்று காற்றைத் தடுக்கவேண்டும். அகலமான மண் தட்டில் ஆற்று மணலும் ஒரு பிடி மண்ணும் போட்டு ஈரமாக வைத்து, ஒரு சிட்டிகை உப்போ சிறிது சாண நீரோ தெளித்தால் ஆண்பூச்சிகள் வந்து உப்புச்சத்தை உறிஞ்சும். நீர் தேங்க விடாதீர்கள். கொசுப்புழு பார்க்க வருகிறவர்கள் தட்டைக் கவிழ்த்துவிடுவார்கள், அது சரியும்கூட.

மாடி வீட்டில் இருக்கிறேன், மண்ணே இல்லை என்கிறவர்கள் ரணகள்ளி வையுங்கள். இலையைப் போட்டாலே முளைக்கும். சிவப்பும் வெள்ளையும் கருப்புமாக ஒரு சிறிய பட்டாம்பூச்சி அதில் முட்டையிடும். அதன் புழு இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவில் புகுந்து உள்ளேயே தின்றுகொண்டு போகும். வெளிச்சத்துக்கு எதிரே இலையைப் பிடித்தால் உள்ளே நகர்வது தெரியும். அலுவலக வளாகங்களில் வரிசையாக நிற்கும் நெட்டிலிங்கத்திலும் பச்சைப் புள்ளி போட்ட வால்சிறகன் ஒன்று வளர்கிறது, அதையும் பாருங்கள். சேலம் நோக்கிப் போகும் தேசிய நெடுஞ்சாலையின் நடுவே நிற்கிற அரளியில்கூட வெண்புள்ளிக் கருப்பன் முட்டையிடும். அதன் கூட்டுப்புழு வெள்ளிப் பூச்சு பூசியதுபோல் மின்னும். சாலை நடுவில் இறங்கித் தேடாதீர்கள், வீட்டு அரளியில் தேடுங்கள்.

மாநிலப் பட்டாம்பூச்சி வருமா என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்பார்கள். தமிழ் மறவனை 2019ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் பட்டாம்பூச்சியாக அறிவித்தார்கள். அது மலைக்காட்டு வாசி. கிருஷ்ணகிரித் தெருவுக்கு அதை எதிர்பார்ப்பதில் பயனில்லை. 2006இல் தொடங்கிய பன்னேருகட்டா பட்டாம்பூச்சிப் பூங்காவை, ஓசூரைத் தாண்டினால் போய்விடலாம் என்பதால், ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. கூரைக்குள் ஈரப்பதத்தைக் காத்து அவர்கள் வளர்ப்பதை நாம் வெட்டவெளியில் வளர்க்க முடியாது. ஓசூரே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், கிருஷ்ணகிரி ஏறத்தாழ 500. அங்கே தழைக்கிற செடி இங்கே சித்திரை வெயிலில் கருகும். மாசி முதல் சித்திரை வரை எங்கள் தோட்டத்திலும் பார்க்க ஒன்றும் இருக்காது. விருந்தினரை அழைப்பதானால் புரட்டாசி, ஐப்பசியில் அழையுங்கள்.

ஒன்றைக் குழந்தைகளிடம் மறைக்கவேண்டாம். முட்டையிலிருந்து வருவதில் மிகச் சிலவே சிறகு முளைத்துப் பறக்கும். தையல்சிட்டு தன் குஞ்சுக்குக் கொத்திப் போகும். முசுறு எறும்பு இழுத்துப் போகும். கண்ணுக்கே தெரியாத குளவி புழுவுக்குள் முட்டையிட்டுவிட்டால், கூட்டுப்புழுவிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதில் சின்னச் சின்னக் குளவிகள் ஓட்டை போட்டு வெளியே வரும். என் மகன் அழுதான். பாட்டிலில் போட்டுக் காப்பாற்றலாம் என்றான். ஒன்றிரண்டை வளர்த்துப் பார்ப்பதில் தவறில்லை, தினமும் புது இலை வைத்துக் கழிவைத் துடைக்கவேண்டும். பத்துப் பதினைந்தை ஒரே பாட்டிலில் அடைத்தால் நோய் வந்து எல்லாமே கருத்துப்போகும். குளவிக்கும் சிட்டுக்கும் சேர்த்துத்தான் செடி வைக்கிறோம் என்று சொல்லிச் சமாளித்தேன். அவன் இன்னும் குளவியை மன்னிக்கவில்லை.

இப்போது எங்கள் வடக்குப் பக்கத்து மனை விற்றுவிட்டது. எல்லைக்கல்லுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்துவிட்டார்கள், மழை விட்டதும் ஜேசிபி வரும் என்கிறார் வாங்கியவர். செடி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, இதைக்கூடக் கேட்பார்களா என்று சிரித்தார். உங்கள் தெருவிலும் இது நடக்கும், அதனால் எடுக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஆமணக்கு விதையைப் பொறுக்கி நேராக ஊன்றலாம். விதை கடும் நஞ்சு, குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். ஆவாரை, தகரை விதைகளுக்குத் தோல் கெட்டி. கொதித்து இறக்கிய நீரைச் சற்று ஆறவிட்டு, விதையைப் போட்டு ஓரிரவு ஊறவைத்து விதைத்தால் முளைப்பு நன்றாக இருக்கும். வளர்ந்த எருக்கைப் பெயர்க்க முயலவேண்டாம், வேர் ஆழம். ஒரு சாண் கன்றை மழை பெய்த மறுநாள் மண் கட்டியோடு எடுக்கலாம், அல்லது பஞ்சு பறக்கும் முன் காயைப் பறித்து விதை எடுத்துக்கொள்ளலாம். சிறுபூனைக்காலிக்குப் பழுத்த பழம் போதும். தும்பை, துத்தி, வெட்டுக்காயப் பூண்டு போன்றவற்றை ஒவ்வொன்றாகத் தேடவேண்டாம். மேல்மண்ணை இரண்டு விரற்கடை ஆழத்துக்குச் சுரண்டி ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு வாருங்கள், நிழலில் வைத்திருந்து அடுத்த மழைக்கு உங்கள் இடத்தில் பரப்புங்கள், விதை எல்லாம் அதிலேயே கிடக்கும். பார்த்தீனியமும் கூடவே முளைக்கும். அதை மட்டும் பூக்கும் முன் கையுறை போட்டு வேரோடு பிடுங்கிவிடுங்கள்.